சோதனை தேவையில்லை

அந்தக் காலத்தில் எந்த ஊர்க் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏற்காட்டில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மட்டும் அப்படி ஒரு விதி இருக்கவில்லை. "செருப்பு மெஷினுக்குள்ள போறதில்லீங்களே" என்பார் சிஸ்டர். அவர் வாசலில் நிறுத்தி வைத்தது ஃப்ளாப்பிகளை. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சதுரத் தகட்டை யார் கொண்டு வந்தாலும், வாசலில் ஸ்டூல் மேல் இருந்த எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். ஆபரேஷன் தியேட்டரில் கத்தரியும் ஊசியும் வைக்கிற, அவரைக்கொட்டை வடிவத் தட்டு அது.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினோரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். கிருமிநாசினி பட்டுப்பட்டு இரண்டு கைகளிலும் தோல் வெடித்து உரியத் தொடங்கியதால், பெரிய டாக்டர் அவரை அங்கிருந்து எடுத்து, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாகப் போட்டார். உட்கார்ந்து பார்க்கும் வேலை, கைக்கு நல்லது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சேலத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் மலையிறங்கிப் போய்ப் படித்தார். முதல் இரண்டு மாதம் ஒன்றுமே விளங்கவில்லையாம். மூன்றாவது மாதம் ஒரு நாள் வாத்தியார் 'வைரஸ்' என்று சொன்னாராம். "அன்னிக்குத்தானுங்க எல்லாம் புரிஞ்சுது" என்றார் சிஸ்டர்.

நான் அதே ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக டைப்பிஸ்ட். அவரைவிட இரண்டு வயது மூத்தவன். டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று உத்தரவு வந்ததும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் போய்க் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கம்ப்யூட்டர் அறைக்குப் போகும்போது, பழகுவதற்காக நான் அடித்த கடிதங்கள் இருந்த ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில், வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போனேன்.

சிஸ்டர் தட்டை நீட்டினார்.

"இது எங்கிருந்து வருதுங்க? இதுக்கு முன்னாடி எந்த மெஷின்ல போச்சு? அந்த மெஷின்ல வேற யாரு போட்டாங்க?"

இந்த மூன்று கேள்விகளை அடுத்த ஐந்து வருஷங்களில் அவர் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்தது. மற்ற இரண்டுக்குத் தெரியவில்லை. அவர் என் ஃப்ளாப்பியை ஓரத்தில் மட்டும் தொட்டு எடுத்து, ஜன்னலோரம் தனியாக இருந்த ஒரு பழைய மெஷினில் செருகினார். வெளியிலிருந்து வரும் ஃப்ளாப்பிகளைச் சோதிக்க மட்டுமே இருந்த மெஷின் அது. சற்று நேரத்தில் கறுப்புத் திரையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி, பந்து போல இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் துள்ளத் தொடங்கியது.

"அழகா இருக்குதுங்களே" என்றேன். எனக்கு நிஜமாகவே அது என்னவென்று தெரியாது.

"அம்மை போட்டிருக்கறதுகூட ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தா அழகாத்தான் இருக்கும்" என்றார் சிஸ்டர். "உங்க பாக்கெட்டுல சீக்கு இருக்குதுங்க, சார்."

பக்கத்தில் நின்ற ஆயா என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க எனக்கு ஏதோ தொற்று என்று செய்தி பரவிவிட்டது. கேண்டீனில் எனக்குத் தனி டம்ளர் வந்தது. சாயங்காலம் சிஸ்டர் ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுத்தார். வார்டில் நோயாளியின் கட்டில் முனையில் தொங்குவது போல ஒரு சின்ன அட்டை நூலில் கட்டித் தொங்கியது. சேர்த்த தேதி, கண்ட குறை, கொடுத்த சிகிச்சை, அனுப்பிய தேதி, கையெழுத்து.

ஃப்ளாப்பியின் மூலையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எதையும் எழுத முடியாது. சிஸ்டர் அதற்கு 'கையுறை' என்று பெயர் வைத்திருந்தார். "கையுறை போட்டிருக்குதுங்களா?" என்று அவர் கேட்பதும், கணக்குப் பிரிவுக்காரர் விரலால் மூலையைத் தடவிப் பார்த்து "போட்டிருக்குதுங்க" என்று சொல்வதும் வெளியாட்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். துணி காயாது. தோல் பெல்ட்டில் பூஞ்சை படியும். ஃப்ளாப்பிகளும் பூத்துப்போகும். சிஸ்டர் ஒரு மர அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை எந்நேரமும் எரியவிட்டு அதற்குள் ஃப்ளாப்பிகளை அடுக்கி வைத்திருந்தார். பிரசவ வார்டு நர்ஸ்கள் அதை இன்குபேட்டர் என்றார்கள். அவர் சிரிக்கவில்லை. "அது மாதிரிதானுங்க" என்றார்.

சந்தேகம் அவருக்குக் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. தீபாவளிக்கு ஒரு எஸ்டேட்காரர் அனுப்பிய பலகாரப் பெட்டியைத் திறக்காமலே, "எந்த ஊட்டுல செஞ்சது? எண்ணெய் எந்தக் கடையில வாங்குனது?" என்று டிரைவரை நிற்க வைத்துக் கேட்டார். டிரைவர் திரும்பிப் போய் விசாரித்து வந்து பதில் சொன்னார். அதன் பிறகுதான் நாங்கள் அதிரசம் சாப்பிட்டோம்.

பெரிய டாக்டருக்கும் விலக்கு கிடையாது. ஒரு முறை பெங்களூரில் ஏதோ மாநாட்டிலிருந்து ஒரு ஃப்ளாப்பியோடு வந்தவர் நேராக அறைக்குள் நுழையப் பார்த்தார். தட்டு நீண்டது.

"நாந்தாம்மா" என்றார் டாக்டர்.

"தெரியுதுங்க டாக்டர்."

"மாநாட்டுல எல்லாரும் டாக்டருங்கம்மா."

"ஆமாங்க. டாக்டருங்க கையிலதான் நொம்பப் பரவும்னு தியேட்டர்ல எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்க."

டாக்டர் வராந்தாவில் வெளிநோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். இருபது நிமிஷம். பக்கத்தில் இருந்த மாரமங்கலத்துக்காரர் ஒருவர் அவரிடம், "உங்களுக்கு எத்தனையாவது டோக்கனுங்க?" என்று கேட்டார். ஃப்ளாப்பியில் ஒன்றும் இல்லை. சிஸ்டர் அட்டையில் 'நார்மல்' என்று எழுதிக் கட்டித் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் அந்த அட்டையைக் கழற்றாமல் வெகுநாள் வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்தது. அதுவரை கறுப்புத் திரையில் எழுத்தை அடித்து வேலை வாங்கிக்கொண்டிருந்தோம். இனி எல்லாம் படம் படமாக வரும், எலியைப் பிடித்துத் தட்டினால் போதும் என்றார்கள். சேலத்திலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். மேனேஜர் அவரை மாலை போடாத குறையாக அழைத்து வந்தார்.

"இந்தப் புது சிஸ்டத்துல வைரஸ் பிரச்சினையே கிடையாதுங்க மேடம்" என்றார் கம்பெனிக்காரர்.

"அப்படீங்களா. அத ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"இல்லீங்க, அது பொதுவா சொல்றதுங்க."

"பொதுவாவே எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. சிஸ்டர் நான்கு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். பழைய சிஸ்டத்துக்கு வாங்கிய சோதனைப் புரோகிராம் புதியதில் சரியாக ஓடாது, புதியதற்கு இன்னும் வாங்கவில்லை, ஆறு மாதம் பொறுக்கலாம் என்பது சாரம். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எல்லாம் போட்டாயிற்று என்றார். போட்டார்கள்.

சிஸ்டர் முரண்டு பிடிக்கிற ஆளில்லை. போட்டபின் அதையும் படித்தார். ஒரு மாதம் எலியோடு மல்லுக்கட்டி, சுவரில் புதிய விதிகளை எழுதி ஒட்டினார். புரோகிராம் உள்ள எந்த ஃப்ளாப்பிக்கும் முழுச் சோதனை உண்டு. விளையாட்டு அறவே கூடாது. கடைசியில் ஒரு விதி: கடிதம் மட்டும் உள்ள ஃப்ளாப்பியை, புதிதாக வைத்திருக்கும் நீலத் தட்டில் வைத்தால் போதும், சோதனை தேவையில்லை.

எங்களுக்கு நம்ப முடியவில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் சலுகை அது. காரணமும் சொன்னார். "புரோகிராம்ங்கறது ஓடற சாமானுங்க. ஓடறதுலதான் சீக்கு ஏறும். கடிதம் சும்மா படுத்துக் கெடக்கறது. படுத்துக் கெடக்கற காயிதத்துக்கு எங்கிருந்துங்க சீக்கு வரும்?" அவர் படித்த புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. புத்தகம் பழைய சிஸ்டத்தைப் பற்றியது.

இப்போது என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு டிஸ்சார்ஜ் கடிதம் ஆங்கிலத்தில் கொடுப்போம். என்ன நோய், என்ன செய்தோம், எந்த மருந்தைத் தொடர வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது. பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் வைத்தியம் நடக்கும். நான் ஒரு நகல் அடித்துக் கொடுப்பேன். டாக்டர் படித்துப் பேனாவால் திருத்துவார். நான் கம்ப்யூட்டரில் அதே கடிதத்தை மறுபடி திறந்து, திருத்தங்களைப் போட்டு அச்செடுப்பேன். அவர் கையெழுத்திடுவார். இரண்டாம் முறை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. படித்தாயிற்றே.

மழை விட்ட ஒரு தை மாதக் காலையில் செம்மநத்தத்திலிருந்து ஓர் அம்மாள் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தார். சர்க்கரை நோய்க்காரர். பத்து நாள் முன்புதான் எங்களிடமிருந்து வீட்டுக்குப் போனவர். அன்று பணியில் இருந்தவர் புதிதாகச் சேர்ந்த டாக்டர். கடிதத்தைப் படித்து, அதில் இருந்தபடி பென்சிலின் ஊசிக்கு எழுதினார். நர்ஸ் ஊசியோடு வந்தபோது அந்த அம்மாளின் கணவர் குறுக்கே எழுந்து நின்றார்.

"ஏனுங்க, அது எந்த ஊசிங்க?"

நர்ஸ் சொன்னார்.

"அந்தப் பேரு மாதிரித்தானுங்க பெரிய டாக்டர் சொன்னாங்க. அதப் போட்டா இவளுக்கு மூச்சு முட்டிப்போகும், எங்க போனாலும் போட உடாதேன்னாங்க."

"கடிதத்துல போடச் சொல்லியிருக்குதுங்களே."

"காயிதம் எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. டாக்டர் வாயால சொன்னது ஞாபகம் இருக்குதுங்க" என்று சொல்லி, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

பெரிய டாக்டர் வந்தார். கோப்பில் நான் அடித்த முதல் நகல் இருந்தது. பென்சிலின் கொடுக்கக் கூடாது, சர்க்கரை மாத்திரையைத் தொடரவும் என்று அதில் சரியாக இருந்தது. அந்த அம்மாள் கையில் இருந்த கடிதத்தில், முதல் வரியில் இருக்க வேண்டிய 'நாட்' என்ற ஆங்கிலச் சொல் அங்கிருந்து கிளம்பி இரண்டாவது வரிக்குப் போயிருந்தது. பென்சிலின் கொடுக்கவும், சர்க்கரை மாத்திரையைத் தொடரக் கூடாது என்று ஆகியிருந்தது. வேறொரு எழுத்து பிசகவில்லை.

அடித்தது நான். திருத்தியது நான். அச்செடுத்தது நான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நிற்க வைத்தே பேசினார். அந்தச் சொல்லை நான் நகர்த்தவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு நாள் போனதும் ஒருவேளை நகர்த்தியிருப்பேனோ என்று தோன்றத் தொடங்கிவிட்டது. தூக்கத்தில் விரல்கள் தட்டச்சு செய்வதாக என் மனைவி சொன்னாள்.

மூன்றாம் நாள் சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். "நீங்க டைப்ரைட்டர்ல ஒன்பது வருஷம் அடிச்ச கோப்பெல்லாம் எடுத்துப் பார்த்தேனுங்க. எழுத்துப் பிழை இருக்குது. நெறையவே இருக்குது. ஆனா ஒரு வார்த்தைகூட இடம் மாறி உட்காந்ததில்லீங்க" என்றார். ஆறுதல் சொன்னாரா குறை சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு அவர் ஒரு புதுக் கடிதம் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை ஆங்கிலத்தில் எழுத்தால் அடித்து, சேமித்து, மூடினார். மறுபடி திறந்தார். பென்சிலால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. மூடினார். திறந்தார். சரியாக இருந்தது. நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டேன். நான்காம் முறை திறந்தபோது பதினான்கு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் இருவரும் யாரும் தொடாத கீபோர்டைப் பார்த்தோம்.

"தானா நடக்குதுங்க" என்றேன்.

சிஸ்டர் எழுந்து போய்த் தன் பதிவு நோட்டை எடுத்து வந்தார். உள்ளே வந்த ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் அதில் ஒரு வரி உண்டு. பின்னாலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். சேலத்திலிருந்து ஒரு சிறப்பு மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய கடிதம் ஃப்ளாப்பியில் வந்திருந்தது. நீலத் தட்டு. எதிரே அவர் கையெழுத்தில்: 'கடிதம் மட்டும். சோதனை தேவையில்லை.' அலமாரியிலிருந்து அதே ஃப்ளாப்பியை எடுத்து, இன்னும் யாரும் பயன்படுத்தாத ஒரு புது மெஷினில் போட்டு, அந்தக் கடிதத்தை ஒரு தடவை திறந்து மூடினார். பிறகு அதே மெஷினில் மறுபடி ஒன்று முதல் இருபது வரை அடித்தார். இந்தத் தடவை மூன்றாவது திறப்பிலேயே ஏழு கடைசிக்குப் போய்விட்டது.

புது சிஸ்டத்தில் கடிதத்துக்குள்ளேயே சின்னச் சின்ன உத்தரவுகளை ஒளித்து வைக்க முடியும் என்பதும், கடிதத்தைத் திறந்தாலே அவை ஓடும் என்பதும், ஒரு கடிதத்திலிருந்து அந்த மெஷினில் திறக்கிற எல்லாக் கடிதத்துக்கும் தொற்றும் என்பதும் பின்னால் பத்திரிகைகளில் படித்துத் தெரிந்துகொண்டோம். அன்றைக்குத் தெரிந்தது பதினான்கும் ஏழும்தான்.

சிஸ்டர் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் வெடித்த தழும்புகள் இன்னும் இருந்தன. "நாந்தானுங்க உள்ள உட்டது" என்றார்.

அன்று மத்தியானம் பெரிய டாக்டர் அறையில் நானும் சிஸ்டரும் மேனேஜரும். சிஸ்டர் நோட்டை விரித்து வைத்து நடந்ததைச் சொன்னார். மேனேஜர் யோசித்துப் பேசினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"டாக்டர், டைப்பிஸ்ட் தப்புன்னு வெச்சா ஒரு கடிதத்தோட போச்சுங்க. மெஷின் தப்புன்னு வெளிய தெரிஞ்சா அத்தனை கடிதமும் சந்தேகம்னு ஆயிருமுங்க. அப்புறம் நம்ம காயிதத்த எந்த டாக்டர் நம்புவாரு?"

"அத்தனை கடிதமும் சந்தேகந்தானுங்க" என்றார் சிஸ்டர்.

"கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க, சிஸ்டர்."

"யோசிச்சுட்டேனுங்க. அந்த ஃப்ளாப்பி வந்த நாள்ல இருந்து முப்பத்தெட்டுக் கடிதம் வெளிய போயிருக்குது. வயித்துக்குள்ள கத்தரிய வெச்சுத் தச்சுப்போட்டா, ஒண்ணுதான் வெளிய தெரிஞ்சுதுன்னு ஒண்ண மட்டும் எடுப்பீங்களா? முப்பத்தெட்டையும் பிரிச்சுப் பார்க்கோணுமுங்க."

பெரிய டாக்டர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தார். பிறகு, "பிரிங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் வேலை தப்பியது. அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அது சிஸ்டருடைய தலைமேல் ஏறி நின்று கிடைத்த நிம்மதி என்பது உறைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

தவறு என்று ஆனபின் மெமோ கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் குற்றத்துக்கு எப்படி மெமோ எழுதுவது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. சிஸ்டரே வந்து, தனக்குத் தர வேண்டிய மெமோவைச் சொல்லச் சொல்ல என்னை அடிக்க வைத்தார். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று பழைய டைப்ரைட்டரைத் தூசி தட்டி எடுக்கச் சொன்னார். 'கவனக்குறைவு' என்று நான் அடித்ததைப் பார்த்து, "கவனமாத்தானுங்க இருந்தேன். தப்பான எடத்துல கவனமா இருந்தேன். அப்படியே போடுங்க" என்றார். போட்டேன். மேனேஜர் கையெழுத்திட்டார். சிஸ்டர் பெற்றுக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்திட்டார்.

அதன் பிறகு கடித வேட்டை. முப்பத்தெட்டில் இருபத்தேழு பேர் ஒரு வாரத்துக்குள் அவர்களாகவே மறு பார்வைக்கு வந்தார்கள், அல்லது பக்கத்திலேயே இருந்தார்கள். மீதிப் பதினோரு பேரைத் தேடிப் போனோம். பஸ் போகிற வரை பஸ்ஸில், அதற்குமேல் காப்பித் தோட்டத்து வழியாக நடை. சிஸ்டர் முதல் நகல்களை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு முன்னால் போவார். நான் குடையோடு பின்னால்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வாசகம்தான். "உங்களுக்குக் குடுத்த காயிதத்துல எங்களால ஒரு தப்பு வந்திருக்கலாமுங்க. நான் பார்க்காம உட்டுட்டேனுங்க. ஒருக்கா காட்டுங்க."

மாரமங்கலத்தில் ஒரு மிளகுக்காரர் வீட்டில் கடிதம் சாமி படங்களுக்குப் பின்னால் இருந்தது. குங்குமம் படிந்திருந்தது. சிஸ்டர் எடுத்து, ஒரு வரி விடாமல் ஒப்பிட்டு, சரி என்று ஓரத்தில் கையெழுத்திட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஏஞ் சாமி, காயிதத்துக்குமா சீக்கு வரும்?" என்று கேட்டார் மிளகுக்காரரின் அம்மா.

"வருதுங்க ஆத்தா. எனக்கும் தெரியாமப் போச்சு."

"காப்பிச் செடிக்கு வருது, மாட்டுக்கு வருது. காயிதத்துக்கு வந்தா என்ன" என்று அந்த அம்மாள் அதை ஒத்துக்கொண்டார். நாங்கள் போன வீடுகளில் மேற்கொண்டு கேள்வி கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

ஒரு எஸ்டேட்டில் கை முறிந்திருந்த தொழிலாளி ஒருவர் கட்டோடு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் ஓய்வு வேண்டும் என்று எழுதிய கடிதத்தில் 'ஓய்வு' என்ற சொல் வேறெங்கோ போய்விட்டிருந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கடிதத்தை எங்களிடமே விளக்கினார். "ரெண்டு வாரம்னு மட்டும் இருக்குதுங்க. ரெண்டு வாரம் என்ன பண்ணோணும்னு இல்லீங்களே. அதுதான் வேலை பார்க்கச் சொல்லிப்போட்டேன்." சிஸ்டர் அந்தத் தொழிலாளியின் தோளிலிருந்து மூட்டையைத் தானே இறக்கினார். அவரைத் திருப்பி எங்களோடு பஸ்ஸில் கூட்டி வந்தோம். எலும்பு விலகியிருந்தது. மறுபடி கட்டுப் போட வேண்டியிருந்தது. அன்று வழி நெடுக சிஸ்டர் அவருக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். பஸ்ஸில் இடம் இருந்தது.

பார்த்தவற்றில் ஐந்தில் சொற்கள் இடம் மாறியிருந்தன. நீலத் தட்டைச் சிஸ்டர் தூக்கிப் போடவில்லை. எவர்சில்வர் தட்டின் அடியில் செருகி, இனி எல்லாம் ஒரே வரிசை என்றார். வேலையிலிருந்து தன்னை மாற்றச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் கேட்டதும் உண்டு. "உங்களை எடுத்துட்டு, இன்னும் தப்புப் பண்ணாத ஒருத்தரைக் கொண்டு வந்து வைக்கறதா?" என்று கேட்டாராம் டாக்டர். மறுநாளும் வாசலில் சிஸ்டர்தான் தட்டை நீட்டினார்.

முப்பத்தேழு வரிகளுக்கு எதிரே நோட்டில் குறி விழுந்தது. ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது. வலிப்பு நோய்க்காக எங்களிடம் இருந்த ஒருவர், செம்மநத்தத்துக்குப் பக்கம் கூலி வேலை செய்தவர். நாங்கள் போனபோது வீடு பூட்டியிருந்தது. கல் உடைக்கிற வேலைக்குக் கீழே போய்விட்டார், எந்த ஊரென்று தெரியாது என்றார்கள். அவருடைய கடிதத்தின் முக்கியமான வரி, மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்பது. அதிலும் ஒரு 'நாட்' இருந்தது. அது கிளம்பிப் போயிருந்தால் மாத்திரையை நிறுத்தவும் என்று ஆகிவிடும். பாறைமேல் நின்று கல் உடைக்கிற மனிதர்.

சிஸ்டர் மலையிறங்கும்போதெல்லாம் விசாரித்தார். கல் குவாரி லாரிகளை நிறுத்தி டிரைவர்களிடம் கேட்டார். அந்த வலிப்பு நோயாளியின் ஊர்க்காரர்கள் யார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் டோக்கன் கொடுக்க விட்டார். அதைப் பற்றி எங்களிடம் புலம்பியதில்லை. மாதம் ஒரு முறை நோட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து, பார்த்து, மூடுவார். அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

எட்டு மாதம் கழித்து நானும் அவரும் அலுவலக வேலையாகச் சேலம் போய்த் திரும்பும்போது அடிவாரத்தில் பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கி நின்றோம். டீக்கடை ஓரத்தில் தகரப் பெட்டியோடு குந்தியிருந்த ஒருவர் எழுந்து கும்பிட்டார். "சிஸ்டருங்களா? நல்லா இருக்கறீங்களா? நான் உங்க ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தேனுங்க."

சிஸ்டர் அவரை அடையாளம் கண்டுவிட்டார் என்பது, கும்பிடக்கூட மறந்து நின்றதில் தெரிந்தது. "காயிதம் வெச்சிருக்கறீங்களா?" என்றார்.

"வெச்சிருக்கறேனுங்க. பத்திரமா வெச்சுக்கச் சொன்னீங்களே."

பெட்டியைத் திறந்து, வேட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கடிதம் மடிப்பில் கிழியக்கூட இல்லை. சிஸ்டர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது முறை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிகிற மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினார். எல்லாச் சொற்களும் அதனதன் இடத்தில் இருந்தன.

"மாத்திரை நிறுத்தலீங்களே?"

"இல்லீங்க. பழைய மாத்திரை அட்டையக் காட்டிக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கறேன். இந்தக் காயிதத்த இது வரைக்கும் யாரும் கேக்கலீங்க. நானும் எடுக்கல." கொஞ்சம் தயங்கினார். "ஏனுங்க சிஸ்டர், அதுல என்னதானுங்க எழுதியிருக்குது?"

சிஸ்டர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தேதியிலிருந்து தொடங்கி, அவர் பெயர், வயது, ஊர், நோய், மருந்து, எந்த வேளை எத்தனை மாத்திரை, டாக்டரின் கையெழுத்து வரை, ஒரு வரி விடாமல் தமிழில் படித்துச் சொன்னார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, தன்னைப் பற்றி யாரோ சொல்வதைக் கேட்பது போலக் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

முடிந்ததும், "இவ்வளவுதானுங்களா?" என்றார்.

"இவ்வளவுதானுங்க" என்றார் சிஸ்டர்.